அந்த வயலின் நிஜமா, படமா? ஹார்னெட்டின் கண்மயக்கு ஓவியங்கள் பற்றி

கரித்துண்டு:

ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். போன சனிக்கிழமை வாஷிங்டன் நேஷனல் கேலரிக்குக் கூட்டிப்போனேன். நுழைவுக் கட்டணம் கிடையாது, ஏசி உண்டு, நடுநடுவே உட்கார இருக்கை உண்டு. அம்மாவுக்கு அவ்வளவு போதும். அறை அறையாக வேகமாகக் கடந்து வந்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார். "யாருடைய வீட்டுக் கதவையோ கழற்றிக்கொண்டு வந்து மாட்டியிருக்கிறார்கள் பார்" என்றார்.

பச்சைப் பெயிண்ட் அடித்த பழைய மரக்கதவு, துருப்பிடித்த கீல்கள். ஆணியில் தொங்கும் வயலின், பக்கத்தில் அதன் வில். வயலினுக்குப் பின்னால் ஓரம் சுருண்ட இசைக்குறிப்புத் தாள். கதவில் ஒட்டிய ஒரு செய்தித்தாள் துண்டு. கீழே இடது மூலையில் செருகிய நீல நிறக் கடித உறை. அத்தனையும் தைல வண்ணம். வில்லியம் ஹார்னெட் 1886-இல் வரைந்த 'பழைய வயலின்'.

படம் என்று நான் சொன்ன பிறகும் அம்மா நம்பவில்லை. விரலை நீட்டிக்கொண்டே போனார். காவலர் தொண்டையைச் செருமினார். அசடு வழிந்துகொண்டு வெளியே வந்தோம்.

என் கேள்வி இதுதான். ஏமாந்தது எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் ஏமாந்ததைத் தவிர அந்தப் படத்தில் வேறென்ன இருக்கிறது? நான் கல்லூரியில் ஓவியம் படித்தவள். நிஜம் மாதிரியே இருக்கிறது என்று யாராவது பாராட்டினால் எங்கள் ஆசிரியர் முகம் சுளிப்பார். அதனால்தான் கேட்கிறேன்.

---

சந்தேகப்பிராணி:

உங்கள் ஆசிரியர் கட்சிதான் நானும். இன்றைக்குக் கையில் இருக்கும் போன் இதைவிடத் துல்லியமாகப் பதிவு செய்யும். பொறுமை இருக்கிற யாரும் செய்யக்கூடிய வேலை இது. அரிசியில் பெயர் எழுதுகிற மாதிரி. ஒரு தடவை வாயைப் பிளக்கலாம், அவ்வளவுதான்.

---

பழையகாகிதம்:

சந்தேகப்பிராணி சார், ஒரு சின்னக் கணக்கு. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல். 'பழைய வயலின்' வந்தது 1886-இல். அதற்குள் வீட்டுக்கு வீடு புகைப்படம் வந்துவிட்டது. அதைப் பார்த்துப் பழகிய ஜனங்கள்தான் அந்த வருடம் சின்சினாட்டி தொழிற்கண்காட்சியில் இந்தப் படத்தின் முன் கூடினார்கள். செய்தித்தாள் துண்டைப் பிய்த்துப் பார்க்கவும் உறையை உருவிப் பார்க்கவும் கை நீட்டினார்கள். கடைசியில் பக்கத்தில் காவல் போட வேண்டியதாயிற்று. கரித்துண்டு அக்காவின் அம்மா செய்தது ஒன்றும் புதிதல்ல என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

சின்சினாட்டியைச் சேர்ந்த ஃபிராங்க் டக்ஃபார்பர் என்ற அச்சுத் தொழிலதிபர் படத்தை வாங்கி, மறு வருடமே வண்ண லித்தோகிராஃப் பிரதியாக அச்சடித்து விற்றார். எத்தனையோ வீடுகளின் சுவரில் அது தொங்கியது. அதாவது வயலினைப் போன்ற படம், அந்தப் படத்தைப் போன்ற அச்சு. என் தொழில் அச்சு என்பதால் எனக்கு இந்த இரண்டாவது ஏமாற்றின் மேல்தான் ஆசை அதிகம்.

ஹார்னெட் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1848-இல் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் க்ளோனகில்டி என்ற ஊரில் பிறந்தவர். பஞ்ச காலம். கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் ஃபிலடெல்ஃபியாவுக்குக் கப்பலேறிவிட்டது. பிழைப்புக்காக வெள்ளிச் சாமான்களில் பூவேலையும் எழுத்தும் பொறிக்கும் வேலையைக் கற்றார். நம் பாத்திரக் கடைகளில் வாசலில் உட்கார்ந்து பெயர் வெட்டிக்கொடுப்பாரே, அந்தத் தொழிலின் பணக்கார வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் அந்த வேலை, இரவில் ஓவிய வகுப்பு. உலோகத்தில் கோடு தவறினால் திருத்த முடியாது. அந்தக் கை பிறகு தூரிகை பிடித்தது.

---

மூன்றாம்பெஞ்சு:

இந்த வகைக்கு ஃபிரெஞ்சில் 'த்ரோம்ப் லாய்' என்று பெயர். கண்ணை ஏமாற்று என்று பொருள். சரியான உச்சரிப்பு என்னவென்று பாண்டிச்சேரிக்காரர் யாராவது வந்து சொல்லுங்கள். எங்கள் பேராசிரியர் ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு மாதிரி சொன்னார்.

இன்னொன்று. ஹார்னெட்டின் பேர்பெற்ற படமான 'வேட்டைக்குப் பின்' நியூயார்க்கில் ஒரு சலூனில் தொங்கியது என்று எங்கோ படித்தேன். முடிவெட்டும் கடையில் எதற்கு இவ்வளவு பெரிய படம் என்று ரொம்ப நாள் குழம்பியிருக்கிறேன்! அமெரிக்காவில் சலூன் என்றால் சாராயக்கடை என்று பிறகுதான் தெரிந்தது. அந்தப் படமும் வாஷிங்டனில்தானே இருக்கிறது?

---

பழையகாகிதம்:

இல்லை, சான்ஃபிரான்சிஸ்கோவில். 'வேட்டைக்குப் பின்' நான்கு தடவை வரையப்பட்டது. கடைசியானதும் பெரியதும் 1885-இல் பாரிஸில் முடித்தது. ஆறடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம், நாலடி அகலம். கதவில் தொங்கும் செத்த முயல், பறவைகள், துப்பாக்கி, ஊதுகொம்பு, தொப்பி. பாரிஸில் சலோன் என்ற ஓவியக் கண்காட்சியில் வைத்த அந்தப் படத்தை தியோடர் ஸ்டூவர்ட் என்பவர் வாங்கி வாரன் தெருவில் இருந்த தன் மதுக்கடையில் மாட்டினார். குடிக்க வருகிறவர்கள் நிஜமா படமா என்று பந்தயம் கட்டுவார்களாம். கடைக்காரருக்கு இதைவிட நல்ல விளம்பரம் உண்டா?

படித்த விமர்சகர்கள் இதை வித்தை என்று ஒதுக்கினார்கள். வாங்கியவர்கள் வியாபாரிகளும் கடைக்காரர்களும்தான். சந்தேகப்பிராணி சாரின் வாதத்துக்கு வயது நூற்றுமுப்பதுக்கு மேல்.

---

வில்லும்நாணும்:

பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுப்பவள் நான். ஓவியம் தெரியாது. இந்த இழையைப் பார்த்துவிட்டு நேஷனல் கேலரியின் இணையப் பக்கத்தில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தந்திகளைத் தாங்கி நிற்கும் சின்ன மரத்துண்டுக்கு, அதைக் குதிரை என்போம், பக்கத்தில், தந்திகளுக்கு அடியில், வெள்ளையாகப் பொடி படிந்திருப்பதைக் கவனித்தீர்களா? அது ரோசின் என்ற பிசின். வில்லில் தேய்த்தது வாசிக்க வாசிக்க உதிர்ந்து அங்கேதான் விழும். என் மாணவர்களிடம் வாசித்து முடித்ததும் துடையுங்கள் என்று தினமும் கத்துகிறேன். இந்த வயலின்காரர் துடைக்கவில்லை. அப்படியே கொண்டுபோய் ஆணியில் மாட்டிவிட்டார்.

யாரோ வாசித்துக்கொண்டிருந்து நிறுத்திய வயலின் அது. மனிதர் யாரும் படத்தில் இல்லை. ஆனால் இப்போதுதான் வெளியே போன மாதிரி இருக்கிறது. எனக்கு ஏமாற்று வேலையாகத் தெரியவில்லை. கொஞ்சம் துக்கமாகத்தான் இருந்தது.

---

கரித்துண்டு:

ரோசினை நான் பார்க்கவே இல்லை! கீலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். நன்றி டீச்சர்.

---

சந்தேகப்பிராணி:

சரி, அந்தப் பொடி நல்ல கவனிப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. இந்த ஆட்கள் எல்லோரும் ஏன் கதவையும் பலகையையுமே வரைகிறார்கள்? ஒரு மரத்தையோ தெருவையோ இப்படி வரைந்து ஏமாற்ற முடிந்தால் ஒத்துக்கொள்ளலாம்.

---

மூன்றாம்பெஞ்சு:

நல்ல கேள்வி சார். பதிலும் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. நம் இரண்டு கண்களுக்கும் இடையே ஆறு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் இடைவெளி. அதனால் ஒவ்வொரு கண்ணும் கொஞ்சம் வேறு காட்சியைப் பார்க்கிறது. அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை ஆழம் கணக்கிடுகிறது. தெருவுக்கு ஆழம் அதிகம். தலையை இப்படி அப்படி அசைத்தாலே கித்தானின் குட்டு உடைந்துவிடும். கதவில் ஒட்டிய காகிதத்துக்கு ஆழமே கிடையாது. வயலினுக்கு நாலு விரல்கடை. அந்த அளவுக்குள் நின்றால் இரண்டு கண்ணுக்கும் கிடைக்கும் காட்சியில் பெரிய வித்தியாசம் இருக்காது. மூளைக்குச் சந்தேகம் வர வழியில்லை.

இன்னும் சில தந்திரங்கள் உண்டு. எல்லாம் நிஜ அளவில் இருக்க வேண்டும். ஒரு பொருள்கூடப் பாதியில் வெட்டுப்படக் கூடாது. நாற்காலியின் பாதி சட்டகத்துக்கு வெளியே போனால் அது படம் என்று தெரிந்துவிடும். மனிதரை வரையக் கூடாது, ஏனென்றால் மனிதர் அசையாமல் நின்றால் சந்தேகம் வரும். அப்புறம் நிழல். ஆணிக்கு ஒரு நிழல், அதிலிருந்து தொங்கும் பொருளுக்கு ஒரு நிழல், இரண்டும் ஒரே விளக்குக்கு விழுந்த மாதிரி இருக்க வேண்டும். வகுப்பில் நான் வரைந்த சாவிக்கொத்து கெட்டுப்போனது அங்கேதான். சாவி நன்றாக வந்தது. நிழல் மட்டும் பக்கத்து வீட்டுச் சாவியினுடையது மாதிரி இருந்தது.

இந்த விதிகளை எல்லாம் கடைசி எல்லைவரை கொண்டுபோனவர் கைஸ்பிரெக்ட்ஸ். 1670 வாக்கில் கோபன்ஹேகன் அரண்மனைக்காக வேலை செய்த ஓவியர். ஒரு படத்தின் முதுகை வரைந்தார். முன்பக்கம் அல்ல, முதுகை! மரச்சட்டம், அதில் இழுத்துக் கட்டிய கித்தானின் பின்பக்கம், சின்ன ஆணிகள், 36 என்று எண் எழுதி ஒட்டிய ஒரு துண்டுச்சீட்டு. வேறு எதுவும் இல்லை. திருப்பிப் பார்த்தால் அங்கேயும் முதுகுதான். இப்போது டென்மார்க்கின் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. சந்தேகப்பிராணி சார், இதை அரிசியில் பெயர் எழுதுவதோடு சேர்ப்பீர்களா?

---

சந்தேகப்பிராணி:

படத்தின் முதுகு... இல்லை, இதை அதோடு சேர்க்க மாட்டேன். இது குறும்பு. குறும்பு எனக்குப் பிடிக்கும்.

---

பழையகாகிதம்:

குறும்பு பிடிக்கும் என்றால் ஹேபர்லி என்ற ஓவியரைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு முன் ஒரு போலீஸ் கதை.

ஹார்னெட் 1877-இல் ஒரு ஐந்து டாலர் நோட்டை வரைந்தார். கசங்கிய, ஓரம் கிழிந்த பழைய நோட்டு, தனியாக. அப்படிப்பட்ட ஒரு நோட்டுப் படம் முன்னே சொன்ன ஸ்டூவர்ட்டின் மதுக்கடையில் மாட்டியிருந்தது. 1886-இல் ரகசியப் போலீசார் வந்து அதைக் கைப்பற்றினார்கள். இவர்கள் யாரென்றால், இன்று ஜனாதிபதிக்குக் காவல் நிற்கும் அதே சீக்ரெட் சர்வீஸ். அந்தத் துறை தொடங்கப்பட்டதே கள்ள நோட்டைப் பிடிக்கத்தான். ஹார்னெட் சிறைக்குப் போகவில்லை, எச்சரித்து விட்டுவிட்டார்கள். அதோடு அவர் பணத்தை வரைவதை நிறுத்திக்கொண்டார். கனிவான மனிதர் போலிருக்கிறது.

நியூ ஹேவனைச் சேர்ந்த ஜான் ஹேபர்லிக்கும் எச்சரிக்கை போனது. அவர் நிறுத்தவில்லை. 'யு.எஸ்.ஏ.' என்ற படத்தில் நோட்டின் பின்பக்கத்தை வரைந்தார். அங்கேதான் கள்ள நோட்டு அடித்தால் என்ன தண்டனை என்ற எச்சரிக்கை வாசகம் அச்சாகியிருக்கும். அதையும் சேர்த்தே வரைந்தார்! 1889-இல் சிகாகோவில் அது காட்சிக்கு வந்தபோது, நிஜ நோட்டை ஒட்டிவைத்து மோசடி செய்திருக்கிறார் என்று ஒரு பத்திரிகை விமர்சகர் எழுதிவிட்டார். ஹேபர்லி ரயிலேறி சிகாகோவுக்கே போனார். நிபுணர்கள் முன்னிலையில் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்து, வண்ணத்தைக் கொஞ்சம் தேய்த்து எடுத்துக் காட்டிய பிறகு விமர்சகர் மன்னிப்புக் கேட்டார். ஓவியன் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய விருது எது என்று எனக்குத் தெரியவில்லை.

---

வில்லும்நாணும்:

அப்படியானால் அந்த விமர்சகர் முதலில் எழுதியதுதான் சிறந்த பாராட்டு!

---

நாலாவதுமாடி:

நியூஜெர்சியில் இருப்பதால் ஒரு விஷயம் சேர்க்கிறேன். ஹார்னெட் பற்றிப் பேசினால் பீட்டோவைப் பேசாமல் இருக்கக் கூடாது. எனக்குத் தெரிந்து ஓவிய உலகில் இதைவிட நல்ல துப்பறியும் கதை கிடையாது.

ஜான் பீட்டோ, ஹார்னெட்டைவிட ஆறு வயது இளையவர். இருவரும் ஃபிலடெல்ஃபியாவில் பழகியவர்கள். ஹார்னெட்டைப் பார்த்து மலைத்தவர் பீட்டோ. அவருக்குப் பெயர் கிடைக்கவில்லை. 1889-இல் நியூஜெர்சியில் ஐலண்ட் ஹைட்ஸ் என்ற சின்ன ஊருக்குக் குடிபோனார். அங்கே மெத்தடிஸ்ட் சபையின் கூட்டங்களில் கார்னெட் என்ற பித்தளை ஊதுகுழலை ஊதுவார். ஊருக்கு வரும் சுற்றுலாக்காரர்களுக்குப் படம் விற்பார். பழைய கடிதங்களையும் அட்டைகளையும் பலகையில் நாடா அடித்துச் செருகிவைத்த படங்கள், கிழிந்த புத்தகங்கள், எரிந்து முடிந்த மெழுகுவர்த்தி. 1907-இல் இறந்துபோனார். யாரும் கவனிக்கவில்லை.

ஹார்னெட் அதற்கு முன்பே, 1892-இல், 44 வயதில் இறந்துவிட்டார். கடைசி வருடங்களில் மூட்டுவாதம் கையைப் பிடித்திருந்தது. அவரையும் உலகம் மறந்தது. 1930-களில் நியூயார்க்கில் ஓவிய விற்பனைக்கூடம் நடத்திய ஈடித் ஹால்பர்ட் தேடிப்பிடித்து வெளியே கொண்டுவந்தார். 1939-இல் கண்காட்சி வைத்தார். திடீரென்று ஹார்னெட்டுக்கு விலை ஏறியது. விலை ஏறினால் என்ன ஆகும்? சந்தையில் ஹார்னெட்டுகள் பெருகின.

சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒரு நாளிதழில் இசைக்கும் ஓவியத்துக்கும் விமர்சனம் எழுதியவர் ஆல்ஃபிரட் ஃபிராங்கன்ஸ்டைன். ஆமாம், நிஜப் பெயர்தான். அவர் ஹார்னெட்டின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தார். படங்களைப் பரப்பிவைத்துப் பார்த்தால் இரண்டு கைகள் தெரிந்தன. ஒன்று கறாரான கை. உலோகம் உலோகமாகவும் தோல் தோலாகவும் தெரியும். இன்னொன்று மென்மையான கை. எல்லாப் பொருளின் மேலும் மாவு தூவிய மாதிரி ஒரு வெளிச்சம், விளிம்புகள் கரைந்திருக்கும். ஒரே ஆள் இரண்டு விதமாக வரைந்தார் என்று சமாளித்துக்கொண்டிருந்தவர் 1947-இல் பீட்டோவின் வீட்டுக்குப் போனார். அப்பா வாழ்ந்த அதே வீட்டில்தான் மகள் இருந்தார். ஹார்னெட் என்று கையெழுத்திட்டுப் பெரிய அருங்காட்சியகங்களில் தொங்கிய படங்களில் இருந்த சாமான்கள் எல்லாம் அந்த வீட்டு அலமாரியில் இருந்தன!

மென்மையான கை பீட்டோவுடையது. விற்க வசதியாக இருக்கும் என்று யாரோ அவர் படங்களில் ஹார்னெட்டின் கையெழுத்தைப் போட்டுவிட்டார்கள். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு நெல்சன் ராக்ஃபெல்லர் ஹார்னெட் என்று நினைத்துக் கொடுத்த படம்கூட பீட்டோவினுடையதுதான். அதில் பலகையில் செருகிய கடிதங்கள் இருக்கும். இன்று பீட்டோவின் பெயரோடு இருக்கிறது.

அந்த வீடு இப்போது அருங்காட்சியகம். போகிறவர்கள் படத்தைவிட அலமாரியை அதிக நேரம் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான்.

---

சந்தேகப்பிராணி:

இது எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் கவனியுங்கள். என் கட்சிக்கு இதுவே சாட்சி இல்லையா? கண்ணை மட்டும் ஏமாற்றும் வித்தை என்றால் யார் செய்தாலும் ஒன்றுதானே இருக்க வேண்டும்? கோடு துல்லியம், நிழல் துல்லியம், முடிந்தது. இரண்டு கைகள் தெரிகின்றன என்றால்...

இரண்டு நிமிடம் யோசித்துவிட்டு எழுதுகிறேன். இல்லை, இது என் கட்சிக்கு எதிரான சாட்சி.

---

மூன்றாம்பெஞ்சு:

சார் எதிர்க்கட்சிக்குத் தாவியதை இந்தத் தளத்தில் முதல் தடவையாகப் பார்க்கிறேன். தேதி குறித்துவைத்துக்கொள்கிறேன்.

---

சந்தேகப்பிராணி:

முழுவதும் தாவவில்லை, வேலியில் உட்கார்ந்திருக்கிறேன். பீட்டோவுக்காக மட்டும். அவர் படங்கள் சிலவற்றை இப்போதுதான் தேடிப் பார்த்தேன். நாலாவதுமாடி சொன்ன அந்த மாவு வெளிச்சம் புரிந்தது. அவர் யாரையும் ஏமாற்ற அவ்வளவு பாடுபட்டதாகத் தெரியவில்லை. ஹார்னெட் இன்னும் எனக்குக் கடைக்கு வெளியே மாட்டும் பலகை மாதிரிதான்.

---

வில்லும்நாணும்:

ஹார்னெட்டை விட்டுக்கொடுக்க மாட்டேன். ரோசினைத் துடைக்காமல் விட்டவர் அவர்.

---

பழையகாகிதம்:

டீச்சர் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. ஹார்னெட் ஒரு பேட்டியில் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புதுப் பொருள்கள் ஓவியத்தில் சரியாக வருவதில்லை, காலம் பட்டுக் கனிந்த பொருள்தான் தனக்கு வேண்டும் என்றார். பழைய கடைகளில் தேடித் தேடி வாங்குவார். அவர் இறந்த பிறகு, 1893-இல், அந்தச் சாமான்கள் ஃபிலடெல்ஃபியாவில் ஏலத்துக்கு வந்தன. கடை விளம்பரப் பலகைக்கு யாரும் பொருளுக்கு வயதாகும்வரை காத்திருப்பதில்லை சார்.

கரித்துண்டு அக்கா, உங்கள் ஆசிரியருக்கு ஒரு செய்தி. 2022-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் நவீன ஓவியர்கள் பிக்காசோ, பிராக், ஹுவான் கிரிஸ் மூவரின் படங்களையும் இந்தக் கண்மயக்கு ஓவியங்களோடு பக்கத்தில் பக்கத்தில் மாட்டிக் கண்காட்சி நடத்தியது. பிராக் முறையாகக் கற்றது வீட்டுச் சுவருக்கும் கதவுக்கும் அலங்கார வண்ணம் பூசும் தொழில். பெயிண்டின் மேல் சீப்பை இழுத்து மரத்தின் ரேகை மாதிரி வரவழைப்பார்களே, நம் ஊர் பெயிண்டர்கள் கதவில் செய்வதுதான், அதே சீப்பு வேலையைத் பொருள்களைத் துண்டு துண்டாக உடைத்துக் காட்டும் தன் கியூபிசப் படங்களில் கொண்டுவந்தவர் அவர். பிக்காசோவுக்கும் சொல்லிக்கொடுத்தார். நவீன ஓவியம் வித்தையை முகம் சுளித்து விலக்கியது என்று சொல்வதெல்லாம் வகுப்பறைக் கதை.

---

கரித்துண்டு:

எல்லோருக்கும் நன்றி. அம்மா வியாழக்கிழமை ஊருக்குக் கிளம்புகிறார். நேற்று மறுபடியும் போய்விட்டு வந்தோம். அதே காவலர். எங்களைப் பார்த்ததும் சிரித்தார்.

இந்தத் தடவை அம்மா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். டீச்சர் சொன்ன ரோசினைக் காட்டினேன். "மாவு கொட்டினதைத் துடைக்கவில்லை" என்றார். பிறகு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செய்தித்தாள் துண்டைப் படிக்கப் பார்த்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எனக்குக் கண் போய்விட்டதா, ஒரு எழுத்தும் பிடிபடவில்லையே" என்றார். நான் பார்த்தேன். எனக்கும் பிடிபடவில்லை. எழுத்தே இல்லை! வெறும் கருப்புக் கீறல்கள். இரண்டடி தள்ளி நின்றால் பத்தி, தலைப்பு எல்லாம் இருக்கிற மாதிரி தெரிகிறது. கிட்டே போனால் ஒன்றுமில்லை. சின்சினாட்டியில் பிய்த்துப் பார்க்கப் போனார்களே, அவர்களும் இதைத்தான் படிக்கப் பார்த்தார்களோ என்னவோ.

"பொடியைக்கூட விடாமல் போட்டவன் இதை ஏன் எழுதாமல் விட்டான்?" என்று அம்மா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்குள் அவர் குனிந்து மூலையில் இருந்த நீல உறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விலாசத்தை எழுத்துக்கூட்டினார். அது படிக்க வருகிறது. ஹார்னெட்டின் பெயர்.

---

நாலாவதுமாடி:

ஹேபர்லியின் படங்களில் ஒட்டியிருக்கும் செய்தித்துண்டுகளைப் படிக்க முடியும் என்பதையும் அம்மாவிடம் சொல்லுங்கள். சிலவற்றில் அவரைப் பற்றிய செய்தியே இருக்கும்.

---

கரித்துண்டு:

சொன்னேன். "அவன் அப்படித்தான் செய்வான்" என்றார். ஹேபர்லியை ஏதோ சொந்தக்காரப் பையன் மாதிரி பேசுகிறார்.